நெல், கரும்பு, எலுமிச்சை: பூஞ்சாணம் பரவும் மூன்று வழிகள்

வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் மலையடிவாரத்தை ஒட்டி நெல், கரும்பு, எலுமிச்சை ஆகிய மூன்றும் அருகருகே பயிராகின்றன. இம்மூன்றையும் பாழாக்கும் நோய்களில் பல பூஞ்சாணங்களால் வருபவை. ஆனால் அவை ஒரே விதமாகப் பரவுவதில்லை. பரவும் வழி தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. தெரியாவிட்டால் மருந்துக்குச் செலவிட்ட பணம் வீண்.

பூஞ்சாணம் என்றால் என்ன?

பூஞ்சாணத்துக்குப் பச்சையம் கிடையாது. ஆகவே அது தன் உணவைத் தானே தயாரிக்க இயலாது. நூல் போன்ற இழைகளைப் பயிருக்குள் செலுத்தி, திசுக்களைக் கரைத்து உறிஞ்சி வாழ்கிறது. விதைக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்துக்களை உண்டாக்குகிறது. பெரும்பாலும் இணை சேராமலேயே வித்துக்கள் பெருகும். சில சமயம் இரு வேறு இழைகள் இணைந்து புதிய ரகப் பூஞ்சாணம் தோன்றும். நோயைத் தாங்கிய நெல் ரகம் சில ஆண்டுகளில் தாங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றில் வருவது: நெல் குலைநோய்

இது பைப் பூஞ்சாண வகை. பிசானத்தில் குளிர்ந்த இரவும் பனியும் சேரும்போது, காற்றில் வந்த வித்து ஈர இலையில் ஒட்டி முளைக்கிறது. கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 40 மடங்கு அழுத்தத்துடன் இலையைத் துளைக்கிறது. சில நாட்களில் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட, கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் ஆயிரக்கணக்கான வித்துக்களை வெளிவிடும். நோய் கதிரின் கழுத்தைத் தாக்கினால் மணி பதராகும். அப்போது மருந்து தெளித்துப் பயனில்லை.

பயிர் வெளுத்திருக்கிறதே என்று பனிக்காலத்தில் யூரியாவை அள்ளிப் போடுவது நோய்க்குத் தீனி போடுவதாகும். தழைச்சத்தைப் பிரித்து இடுங்கள். புள்ளி தெரிந்தால் மேலுரத்தை நிறுத்தி வையுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள். வரப்பில் உள்ள புல்லை அகற்றுங்கள்.

கரணையில் வருவது: கரும்புக் கரிப்பூட்டை

இது காளானுக்கு உறவான இனம். குருத்திலிருந்து சாட்டை போல் நீண்டு, கருந்தூளைக் கொட்டும். அந்தத் தூள் முழுவதும் வித்துக்களே. வித்து முளைத்து, இருவகை இழைகள் இணைந்த பிறகே பருவுக்குள் புகுந்து, வெளியே தெரியாமல் தங்கியிருக்கும். அந்தக் கரணையை நட்டால் நோயையே நட்டதாகும்.

சாட்டையை வெறுங்கையால் ஒடிக்கக் கூடாது. வித்து வயலெங்கும் பறந்துவிடும். சாக்குப் பையால் மூடி, அடியில் அறுத்து, பையோடு எடுத்துச் சென்று எரிக்க வேண்டும். தூரையும் தோண்டி அழியுங்கள். நோய் கண்ட வயலில் விதைக்கரணை எடுக்காதீர்கள், மறுதாம்பும் விடாதீர்கள்.

தண்ணீரில் வருவது: எலுமிச்சைப் பிசின் நோய்

அடிமரப் பட்டை வெடித்துப் பிசின் வடியும். இதை உண்டாக்கும் பைட்டாப்தோரா தோற்றத்தில் பூஞ்சாணம். வம்சத்தில் பாசிகளுக்கு நெருங்கியது என்று இன்று விஞ்ஞானிகள் தனியே பிரித்துள்ளனர். இதன் வித்துக்கள் தண்ணீரில் நீந்திச் செல்லக் கூடியவை. ஆகவே அடிமரத்தைத் தண்ணீர் தொடக் கூடாது. மரத்தைச் சுற்றி உள்வட்ட மண் அணைத்து, வெளிவட்டப் பாத்தியில் மட்டும் நீர் பாய்ச்சுங்கள்.

அழுகிய பட்டையைச் செதுக்கி, போர்டோ பசை பூசுங்கள். 1 கிலோ மயில் துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. பளபளப்பான இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பிரான்சு நாட்டில் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காக 1885-ஆம் ஆண்டு வாக்கில் வந்த இம்மருந்து இன்றும் பயன் தருகிறது.

எல்லாப் பூஞ்சாணமும் பகையல்ல. டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சாணம் வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சாணங்களையே தின்று அழிக்கும். மருந்து வாங்கப் புறப்படும் முன், நோய் காற்றில் வந்ததா, கரணையில் வந்ததா, தண்ணீரில் வந்ததா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் நோயுற்ற இலையையோ பட்டையையோ எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை அலுவலரை அணுகிப் பயன் பெறுங்கள்.