அடிக்கடி நின்றுபோகும் கணிப்பொறி: காரணமும் பரிகாரமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் வானம் பார்த்த பூமி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரிசல் நிலத்தில் பருத்தியும் மிளகாயும் மல்லியும் விதைக்கும் குடியானவருக்கு, மழை பொய்த்த ஆண்டில் பயிர்க் காப்பீடு பெருந்துணையாகும். அதற்கு வேண்டிய சிட்டா முதலிய நில ஆவணங்களை இன்று கணிப்பொறியின் வழியே பெறுகிறோம். பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய கணிப்பொறி, இப்போது பல வீடுகளில் கணக்குப் பெட்டியாகவும் பத்திரப் பெட்டியாகவும் விளங்குகிறது. காப்பீட்டுக்குரிய கடைசித் தேதியன்று அது நின்றுபோனால், நஷ்டம் சாமானியமானதன்று.

நமது வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இத்தகைய நிலைமையை நாமே கண்டோம். கணிப்பொறி நாளுக்கு இருமுறை நீலத்திரை காட்டி நின்றது. பழுது பார்ப்பவர் ஒருவர், உள்ளே உள்ள அனைத்தையும் அழித்துப் புதிதாக நிரப்ப வேண்டும் என்றார். வீட்டுக்காரர் அவசரப்படாமல் பத்து நாட்கள் குறிப்பு எழுதி வைத்தார். அக்குறிப்பே வழி காட்டியது. அதன் விவரத்தைப் பின்னர்க் கூறுவோம்.

பிழையின் பொருள் யாது?

நீலத்திரையில் ‘சிஸ்டம் சர்வீஸ் எக்ஸெப்ஷன்’ என்ற சொற்கள் தோன்றும். அண்மைக்கால விண்டோஸ் பதிப்பில் திரை கருப்பாகவும் இருக்கும். கண்மாயில் விவசாயிகள் யாவரும் தாமே மடையைத் திறப்பதில்லை. நீர்பாய்ச்சியிடம் சொல்ல, அவர் திறந்து விடுகிறார். அதுபோலவே, நாம் பயன்படுத்தும் நிரல்கள் வட்டையோ திரையையோ நேரே தொடுவதில்லை. விண்டோஸின் உள்மையத்திடம் சேவை கேட்டுப் பெறுகின்றன. அச்சேவை நடக்கும்போது உள்மையத்தால் சமாளிக்க இயலாத பிழை நேர்ந்தால், மேலும் சேதம் உண்டாகாதிருக்கப் பொறி தன்னையே நிறுத்திக் கொள்கிறது. ஆகவே நீலத்திரை நோயன்று, நோயின் அறிகுறியே.

உள்மையத்தில் நுழையும் சிறு குற்றமும் எவ்வளவு கேடு விளைக்கும் என்பதை 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி உலகம் கண்டது. ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்னும் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயண அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். பெரும்பாலான பொறிகளுக்குப் பரிகாரம், அந்த ஒரு கோப்பை நீக்குவதாகவே இருந்தது. எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.

செய்ய வேண்டிய முறை

முதலாவது, பொறி திறக்கும்போதே பத்திரங்கள், கணக்குகள், புகைப்படங்கள் ஆகியவற்றை வெளிவட்டு ஒன்றில் நகல் எடுத்துக் கொள்ள வேண்டும். விதைநெல்லைக் காப்பாற்றாமல் களஞ்சியத்தைப் பழுது பார்ப்பாரில்லை.

இரண்டாவது, நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், அப்போது செய்த வேலை, திரையில் தோன்றிய கோப்பின் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். தேடும் கட்டத்தில் ‘ரிலையபிலிட்டி’ எனத் தட்டினால், எந்த நாளில் என்ன பிழை நேர்ந்தது, என்ன புதிதாகச் சேர்ந்தது என்பது பட்டியலாகத் தெரியும்.

மூன்றாவது, குறிப்பை ஆராய வேண்டும். அருப்புக்கோட்டை நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். துணியில் குறை ஒரே கோட்டில் வந்தால் தறியைச் சோதிப்பார். அங்குமிங்குமாக வந்தால் நூலைச் சோதிப்பார். அவ்வாறே, ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பின் பெயர் வந்தால், அந்த உறுப்புக்குரிய ‘டிரைவர்’ என்னும் இயக்கி நிரலைச் சந்தேகிக்கலாம். பெயர் மாறி மாறி வந்தால், நினைவகத் தகட்டைச் சந்தேகிக்கலாம்.

நான்காவது, டிரைவரே காரணமெனத் தோன்றினால், ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் அவ்வுறுப்பைத் தேர்ந்து, ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதை அழுத்திப் பழைய நிரலுக்குத் திரும்பலாம். பொறி முழுதும் திறக்க மறுத்தால், ‘ஷிப்ட்’ விசையை அழுத்தியவாறு ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, ‘சேஃப் மோடு’ வழியே திறந்து இதனைச் செய்யலாம்.

ஐந்தாவது, விண்டோஸ் கோப்புகளே பழுதடைந்திருக்கலாம். நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பின் ‘ஸ்கேன்நவ்’ என்ற சொல்லைத் தட்டினால், பொறி தன் கோப்புகளைத் தானே சோதித்துச் செப்பனிடும்.

ஆறாவது, ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்பதைக் கொண்டு நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். குறை காணப்பட்டால் மின்னிணைப்பைத் துண்டித்த பின், தகட்டைக் கழற்றி முனைகளைத் துடைத்து, நன்கு பொருத்திப் பார்க்கலாம். நமது பகுதியின் கரிசல் புழுதி விசிறியை அடைத்து வெப்பத்தைப் பெருக்குவதும், மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் இத்தகைய பிழைகளைத் தூண்டும். புழுதியை அகற்றுதலும், மின் காப்புக் கருவி அமைத்தலும், ஐப்பசி இடிமழையில் செருகியைக் கழற்றுதலும் அவசியமாகும்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், எது பலித்தது என்பது தெரியாது போகும். அனைத்தையும் அழித்துப் புதுப்பித்தல் இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. திரையில் தொலைபேசி எண் காட்டி, உடனே அழைக்கச் சொன்னால் அது மோசடியே. உண்மையான நீலத்திரை அவ்வாறு எண் தருவதில்லை. பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்தல் வேண்டும்.

மேலே சொன்ன வீட்டில், பத்து நாளும் குறிப்பில் ஒரே பெயரே இருந்தது. இணைய இணைப்புக்கெனப் புதிதாகச் செருகிய கருவியின் டிரைவர் அது. பழைய நிரலுக்கு மாற்றியதும் பொறி நிலைபெற்றது, செலவு ஏதுமில்லை, நான்கு ஆண்டுக் கணக்கும் தப்பியது, காப்பீட்டு மனுவும் தவணைக்குள் சென்றது.

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊரில் கணிப்பொறி உள்ள வீட்டாருக்கு இம்முறையை எடுத்துரைக்கலாம். நோட்டுப் புத்தகம் ஒன்றை இன்றே பொறியின் அருகில் வைப்போமாக.