ஏரியும் தோட்டமும்: உத்திரமேரூர் காட்டும் பொதுநெறி

நுழையும்முன்

ஊருக்குப் பொதுவான ஓர் இடம் யாருக்கு உரியது? ‘எல்லாருக்கும் உரியது’ என்று விடை கூறுதல் எளிது. எனினும், எல்லாருக்கும் உரிய ஒன்று நாளடைவில் எவரும் பேணாத ஒன்றாக ஆகிவிடுவதும் உண்டு. ஏரி, குளம், தோப்பு, நந்தவனம், பூங்கா ஆகிய பொது இடங்களைக் காக்கும் பொறுப்பை ஓர் ஊர் எவ்வாறு பகிர்ந்துகொண்டது என்பதைக் கல்வெட்டுச் சான்றுகளின் வழியே இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊரும் ஏரியும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்துள்ளது உத்திரமேரூர். பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய இவ்வூரில் பல்லவர், சோழர் முதலிய பல அரச மரபினரின் கல்வெட்டுகள் உள்ளன. இவற்றுள் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் உலகறிந்தவை. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இவை, குடவோலை முறையை விளக்குவனவாக வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளன.

தேர்தல் எவ்வாறு நடைபெற்றது என்பதையே பலரும் இக்கல்வெட்டுகளில் காண்கின்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஆற்ற வேண்டிய பணி யாது என்னும் வினாவும் அதே அளவு இன்றியமையாதது. அதற்கு விடை காண இவ்வூரின் நிலத்தை அறிதல் வேண்டும். தொண்டைமண்டலம் வற்றாத பேராறுகள் பாயும் நாடன்று. பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் மட்டுமே பெருகுவன. வடகிழக்குப் பருவமழை தரும் நீரைத் தேக்கிவைத்தால்தான் உழவு உண்டு. ஆகவே, இந்நிலத்தில் ஏரியே ஊரின் உயிர்நாடி. உத்திரமேரூர்ப் பேரேரி பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் எனக் குறிக்கப்படுகிறது.

வாரியப் பெருமக்கள்

உத்திரமேரூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டினை ஒத்த பகுதி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஊரார் அனைவரும் கூடியிருக்க, உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கையில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருத்தல் இயலாது என்பதை அனைவரும் காணும்பொருட்டே இவ்விதி அமைந்தது.

இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியவராயினர். சம்வத்சர வாரியம் என்பது ஆண்டு முழுவதும் ஊர்ப்பணிகளை மேற்பார்வையிடும் குழு. தோட்ட வாரியம் தோட்டங்களையும் ஏரி வாரியம் நீர்நிலையையும் பேணின. பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றுக்கும் உறுப்பினர் தனியே தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

இதில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. சம்வத்சர வாரியத்திற்கு உரியவர்களைத் தெரிவு செய்யும்போது, முன்னரே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்களும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்களும் முதலில் கருதப்பட்டனர். மரத்தையும் நீரையும் காத்துப் பழகியவரே ஊரை நடத்தத் தக்கவர் என்பது இதன் உட்கருத்தாகும். பொது இடத்தைப் பேணுதல் ஊராட்சியின் கடைநிலைப் பணியாகக் கருதப்படவில்லை. அதுவே ஊராட்சிக்குரிய பயிற்சிக்களமாக இருந்தது.

பருவமும் பணியும்

ஏரியும் தோட்டமும் ஆண்டில் ஒருமுறை பார்த்து முடிக்கும் பணிகள் அல்ல. ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு வேலை உண்டு. பருவம் தவறினால் அவ்வேலையால் பயனில்லை.

இளவேனிலில், சித்திரை, வைகாசித் திங்கள்களில் ஏரியின் நீர் வற்றி வண்டல் வெளிப்படும். தூர் வாருவதற்கு உரிய காலம் அதுவே. அள்ளிய வண்டலை உழவர் தம் வயல்களுக்கு எருவாக எடுத்துச் செல்வர். ஒரே உழைப்பினால் ஏரி ஆழமாகும், வயலும் வளமாகும். ஆனி, ஆடித் திங்கள்களில் வரத்துக்கால்களில் மண்டிய புதர்களை நீக்கி, நீர் தடையின்றி வந்து சேர வழி செய்தல் வேண்டும். மதகுகளையும் கலிங்குகளையும் பழுது பார்த்தலும் மழைக்கு முன்னரே முடிய வேண்டிய பணியாகும். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டைகளைத் திரட்டிக் கரையில் ஊன்றுவர். வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்வதால் கரை வலுப்பெறும்.

ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பொழியும். அப்போது இரவிலும் கரையைச் சுற்றிக் காவல் இருத்தல் வேண்டும். நண்டு வளையோ எலி வளையோ சிறு கசிவாகத் தொடங்கிக் கரை உடைப்பில் முடியலாம். ஓர் ஏரி நிறைந்து கலிங்கு வழியே வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும் சங்கிலித் தொடர் இப்பகுதியின் சிறப்பு. ஆதலின், ஓர் ஊரின் கரை உடைந்தால் கீழேயுள்ள ஊர்களும் துயருறும். மார்கழியிலும் தைத் திங்களிலும் எஞ்சிய நீரைக் கடைமடை வரை முறைவைத்துப் பகிர்தல் தலையாய பணியாகும். தோட்டங்களிலோ மழைக்காலத்தில் கன்று நடுதலும், பனிக்காலத்தில் களை நீக்கிப் பாத்தி அமைத்தலும், கோடையில் நீர் இறைத்து ஊற்றிக் கன்றுகளைக் காத்தலும் மாறிமாறி வரும்.

இப்பணிகளுக்குப் பொருளும் தேவைப்பட்டது. ஏரியைப் பேணுவதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. சிலர் ஊர்ச்சபையிடம் பொன்னை முதலாக அளித்தனர்; அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் தூர் அகற்றப்பட்டது. கொடை முதல் குறையாமல் நிற்க, அதன் பயன் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏரிக்குச் சென்றது.

தொண்டும் கணக்கும்

நல்லெண்ணம் மட்டுமே ஒரு பொது இடத்தைக் காத்துவிடாது. தொடக்கத்தில் பலர் ஆர்வத்துடன் கூடுவதும், சில திங்களில் ஓரிருவரே எஞ்சுவதும் எக்காலத்தும் காணக்கூடியவை. எஞ்சியவர் பொதுச்சொத்தைத் தம் சொத்தாகக் கருதத் தொடங்குதல் அதனினும் கேடானது. இவ்விரு இடர்களையும் உத்திரமேரூர் விதிகளால் எதிர்கொண்டது.

முதலாவது, கால வரம்பு. வாரியத்தார் முந்நூற்று அறுபது நாள்கள் பணியாற்றியபின் விலக வேண்டும். இரண்டாவது, முறைவைப்பு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் எதிலும் இருந்தவர் மீண்டும் போட்டியிட இயலாது. மூன்றாவது, கணக்கு. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட உறுப்பினர் இடையிலேயே நீக்கப்பட்டார்.

விதிகளும் தேங்கி நிற்கவில்லை. கி.பி. 919ஆம் ஆண்டின் கல்வெட்டு, உறுப்பினரின் வயது முப்பதுக்கு மேலும் அறுபதுக்குள்ளும் இருத்தல் வேண்டும் என்றது. ஈராண்டுக்குப்பின் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அதனை முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் எனத் திருத்தியது. நடைமுறையில் கண்ட குறைகளைக் களையும் விருப்பம் இவ்வூராரிடம் இருந்தது என்பதற்கு இரு கல்வெட்டுகளும் அடுத்தடுத்து நிற்பதே சான்று.

எனினும், இம்முறையின் எல்லைகளையும் மறைக்காமல் அறிதல் வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக்கல்வியும் உடைய ஆடவரே குடவோலையில் பெயர் பெறத் தகுதியுடையோர். பெண்களுக்கும், நிலமற்ற உழைப்பாளருக்கும், பிற குடியினருக்கும் அவ்வாய்ப்பு இல்லை. ஏரியில் மண் வெட்டிய கைகள் ஓலையில் பெயர் பெறவில்லை. முறையின் ஒழுங்கைப் போற்றும்போதே அதன் வாயில் எவ்வளவு குறுகியது என்பதையும் உணர்தல் வரலாற்று அறிவின் கடமையாகும்.

> தெரிந்து தெளிவோம்
> கலிங்கு – ஏரி நிறைந்தபின் மிகைநீர் வழிந்தோடும் அமைப்பு
> மதகு – பாசனத்திற்கு நீரைத் திறந்துவிடும் வாயில்
> வரத்துக்கால் – ஏரிக்கு நீரைக் கொண்டுவரும் கால்வாய்
> கடைமடை – கால்வாய் நீர் இறுதியாகச் சென்றடையும் வயற்பகுதி
> குடிமராமத்து – ஊர்மக்கள் கூடி நீர்நிலைகளைச் செப்பனிடும் மரபு

பறவைகளுக்கும் ஓர் ஏரி

இப்பகுதிக்கு அண்மையில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது வேடந்தாங்கல் ஏரி. மழைக்காலம் தொடங்கியதும் நீர்ப்பறவைகள் இங்கு வந்து, ஏரியினுள் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை ஊரார் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். பறவைகளைச் சிலர் சுட்டு வீழ்த்தியபோது ஊரார் முறையிட்டனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராயிருந்த லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை ஏற்றார். இன்று இது பறவைகள் காப்பிடமாக விளங்குகிறது. அரசின் சட்டம் வருவதற்கு முன்னரே ஊராரின் காவல் இங்கு இருந்தது. தீபாவளியன்று வெடி வெடிப்பதைத் தவிர்க்கும் வழக்கம் இவ்வூர்ப் பகுதியில் இன்றும் தொடர்கிறது. ஒரு பருவத்தில் ஒரு மகிழ்ச்சியைத் துறப்பதும் பொதுத்தொண்டின் ஒரு வடிவமே.

தளர்ச்சியும் மீட்சியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் நீர்நிலைகளின் பொறுப்பு படிப்படியாக அரசுத் துறைகளிடம் சென்றது. ஊரார் தாமாகக் கூடிச் செய்த பணி தளர்ந்தது. 1858ஆம் ஆண்டு, நீர்நிலைப் பணிகளுக்கு ஊராரின் உழைப்பைக் கட்டாயமாகப் பெறுவதற்குச் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. உரிமையுணர்வால் நிகழ்ந்த ஒன்றைச் சட்டத்தின் அச்சத்தால் நிகழ்த்த முயன்ற முயற்சி அது. ‘இது நம் ஏரி’ என்னும் எண்ணம் ‘இது சர்க்கார் ஏரி’ என மாறியபின், எந்தச் சட்டத்தாலும் பழைய நிலையை முழுமையாக மீட்க இயலவில்லை. கரைகள் ஆக்கிரமிக்கப்பட்டன; வரத்துக்கால்கள் தூர்ந்தன.

விடுதலைக்குப்பின் 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்குச் சட்டத்தின் வலிமையை அளித்தன. வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற ஆண், பெண் அனைவரும் இச்சபையின் உறுப்பினர். நிலமோ கல்வியோ தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு திறக்காத வாயில் இன்று திறந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு, குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஏரி சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கியது. பெயர் மீண்டது போலவே பொறுப்பும் மக்களிடம் மீளும்போதுதான் அது முழுமை பெறும்.

நகரத்தின் தோட்ட வாரியங்கள்

ஏரி இல்லாத நகரவாசிக்குப் பூங்காவே பொது நிலம். சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிக் குப்பை நிறைந்து கிடந்த நிலப்பகுதி சீரமைக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டு தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அது மாணவர்கள் சென்று சூழலியல் கற்கும் இடமாகவும் பயன்படுகிறது. கடல் கடந்த நாடுகளிலும் இதே படிப்பினை உண்டு. நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்கா 1970களில் பராமரிப்பின்றிச் சீரழிந்தது. 1980ஆம் ஆண்டு குடிமக்கள் அமைப்பு ஒன்று தோன்றி, நகராட்சியுடன் இணைந்து, கொடையாளர், தன்னார்வலர் ஆகியோரின் துணையால் அதனை மீட்டது.

நகரப் பூங்காக்களிலும் பருவந்தோறும் பணி உண்டு. கோடையில் கன்றுகளுக்கு நீர் ஊற்றுதலும் உதிர்ந்த இலைகளைத் திரட்டி உரமாக்குதலும், மழைக்கு முன் வடிகால்களைத் தூய்மை செய்தலும், மழை தொடங்கியதும் நாட்டு மரக்கன்றுகளை நடுதலும், பனிக்காலத்தில் பறவைகளைக் கணக்கெடுத்தலும் மாணவரும் முதியோரும் சேர்ந்து செய்யத்தக்கவை. ஆயினும், கன்று நடும் நாளில் கூடும் கூட்டத்தைவிட, அடுத்த சித்திரையில் அக்கன்றுக்கு நீர் ஊற்றப்போவது யார் என்பதே முதன்மையான வினா. அவ்வினாவிற்கு விடையாக ஒரு பெயர், ஒரு முறை, ஒரு கால வரம்பு, ஒரு கணக்கு ஆகியன இருத்தல் வேண்டும். உத்திரமேரூர் வாரியங்களின் படிப்பினை இதுவே.

பொது இடத்தின் மீது எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால், பொறுப்பு குறிப்பிட்ட ஒருவரிடம், குறிப்பிட்ட காலத்திற்கு, பலர் அறிய ஒப்படைக்கப்படுதல் வேண்டும். பின்னர் அது அடுத்தவருக்குக் கைம்மாற வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போதும் வடத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு கை பற்றியிருக்கிறது. எல்லாரும் பற்றினர் என்பதன் பொருள், ஒவ்வொருவரும் பற்றினர் என்பதே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஏரி, குளம் அல்லது பூங்கா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கு ஒவ்வொரு பருவத்திலும் செய்ய வேண்டிய பணிகளை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பள்ளித் தோட்டத்தைப் பேண ஒரு ‘தோட்ட வாரியம்’ அமைப்பதாகக் கொண்டு, அதன் உறுப்பினர் தகுதி, பணிக்காலம், கணக்கு ஆகியவற்றிற்கான விதிகளை எழுதுக.
3. உத்திரமேரூர் ஊர்ச்சபையையும் இன்றைய கிராம சபையையும் ஒப்பிட்டு, எவையெவை ஏற்கத்தக்கன, எவையெவை திருத்தப்பட்டன என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.