காலி பாட்டில் திரும்பி வருமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பன்னீர் சோடா போட ஆரம்பித்தபோது பாட்டில் அளவைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கோலி பாட்டில் எவ்வளவு பிடிக்குமோ அதுதான் அளவு. இங்கிலாந்தில் ஹைராம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் கேஸே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு இறுக்கிக்கொள்ளும். தட்டி இறக்கிவிட்டால் மூடி வைக்க வழியில்லை. நின்ற இடத்தில் ஒருவர் குடித்து முடிக்கிற அளவுக்கு மேல் அடைத்தால் மீதி சப்பென்று போய்விடும்.

வம்பு சிதம்பரத்தில்தான் ஆரம்பித்தது. கீழ வீதிக் கடைக்காரர் ஒருவர் சொன்னார்: "தம்பி, சோடா நல்லாத்தான் இருக்கு. காலி பாட்டில நான் எங்க வைக்கிறது? கடையே எட்டடி."

கடலூருக்குள் தினமும் ஆட்டோ சுற்றும், காலி அன்றன்றைக்கே வந்துவிடும். சிதம்பரத்துக்கு வாரம் இரண்டு நடைதான். அதுவரை என் முதல் அவர் கடை வாசலில் காலியாகக் கிடக்கும், பாதி உடையும். அன்றிலிருந்து புதுக் கடை பிடித்தால் எத்தனை மில்லி என்று கேட்பதற்கு முன் காலி எப்போது திரும்பும் என்றுதான் கேட்கிறேன். திரும்பாத ஊருக்குக் கண்ணாடி அனுப்புவதில்லை.

சரி, 200 மில்லி பெட் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறினேன். சில வாரத்தில் "கேஸே இல்லையே" என்று புகார். மெஷினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், தப்பு என்னுடையது. பெட் சுவர் வழியாகக் கேஸ் மெதுவாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். பாட்டில் சிறிதாக ஆக, உள்ளே இருக்கும் சோடாவுக்குச் சுவர்ப் பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் இறங்கிவிடும். நானோ 500 மில்லிக்கும் 200 மில்லிக்கும் ஒரே தேதி அச்சடித்திருந்தேன்! இப்போது சின்னதுக்குக் குறைந்த நாள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுகிறேன்.

விலையிலும் சின்ன பாட்டில் நம்மைக் கடிக்கும். மூடி, லேபிள், கூலி எல்லாம் பெரியதற்கு ஆகிற அளவு இதற்கும் ஆகிறது. குளிர்பானத்தை இன்ன அளவில்தான் அடைக்கலாம் என்று 2011ஆம் வருடப் பொட்டல விதிகளில் ஒரு அட்டவணை இருந்தது. அதை எடுத்துவிட்டு, மில்லிக்கு என்ன விலை என்று அச்சிடச் சொல்லிவிட்டார்கள். 200 மில்லி 20 ரூபாய் என்றால் மில்லிக்கு 10 காசு. 500 மில்லி 40 ரூபாய் என்றால் 8 காசு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் விவரமான ஆள் கேட்டுவிடுவார். நான் வைப்பதில்லை: பெரியது பல்கலைக்கழகப் பக்கம், நாலு பேர் சேர்ந்து வாங்குகிற இடம், சின்னது கோயில் வீதிகளுக்கு.

புதுச்சேரியில் பீர் காய்ச்சும் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டு, "எங்க கதையும் இதேதான்" என்றான். நம்மூரில் பீர் என்றால் 650 மில்லி பாட்டில் என்று பழகிப்போச்சு. ஆனால் காரமான, அடர்த்தியான பீரை அந்த அளவில் ஒருத்தர் முடிக்க மாட்டார், அதற்கு 330தான் சரி என்பது அவன் கட்சி. அமெரிக்காவில் கொலராடோவின் ஆஸ்கார் புளூஸ் என்ற சின்ன ஆலை 2002இல் தன் பீரைக் கேனில் அடைத்த கதையையும் சொன்னான். மலையேறப் போகிறவர்கள் கண்ணாடியைச் சுமக்க மாட்டார்களே. எனக்குப் பிச்சாவரம் படகுத்துறை ஞாபகம் வந்தது. அங்கே உடைந்த கண்ணாடி ஒன்று சேற்றில் விழுந்தால் யார் காலில் ஏறுமோ! அங்கே கேட்டாலும் கோலி சோடா தர மாட்டேன்.

கீழ வீதிக்காரர் இப்போதும் பெட் பாட்டில்தான் எடுக்கிறார். ஆனித் திருமஞ்சனத்துக்கு மட்டும் கோலி பாட்டில் கேட்பார், தேர் பார்க்க வருகிற கூட்டத்துக்கு அந்தச் சத்தம் வேண்டுமாம். ஒரே கண்டிஷன்: காலியை அன்று ராத்திரியே நான் வந்து அள்ளிக்கொண்டு போய்விட வேண்டும்.