கத்தியில் ஓர் அணிவகுப்பு

கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர், ஈப்போ வட்டாரத்திலும் தோட்டங்கள் பெருகின. பால்வெட்டும் கத்திக்கு ஈரமே பகை. துருப்பிடித்து மழுங்கிய கத்தி மரப்பட்டையைக் காயப்படுத்தும். காயம்பட்ட பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்.

கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் எஞ்சும். எண்ணெயில் சிறிதளவு கலந்துள்ள கொழுப்பு அமில மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலை இரும்பைப் பற்றும். நீரை ஒதுக்கும் வால் வெளியே நீளும். பக்கத்து வால்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், சிதறிக் கிடந்தவை காலைப் பெரட்டில் நிற்கும் தொழிலாளர்போல் நெருங்கி நிற்கும். வரிசைப்படுத்தத்தான் இங்கே கங்காணி இல்லை!

இவ்வடுக்கின் தடிமன் ஏறத்தாழ 2 நானோமீட்டர்; அதாவது, தலைமுடியின் பருமனில் சுமார் 40,000இல் ஒரு பங்கு. அதைக் கடந்து நீர் இரும்பை எளிதில் தொடாது. ஆனால், பட்டையில் உரச உரச வரிசை கலையும். மீண்டும் எண்ணெய் தடவ வேண்டும்.