கட்டுரை இல்லாதவருக்கும் இடமுண்டு

கேள்வி: பொருள்நோக்கு மென்பொருள் பற்றிய ஊப்ஸ்லா போன்ற மகாநாட்டுக்கு, சமர்ப்பிக்கக் கட்டுரை ஏதும் இல்லாத மாணவன் போவதால் பிரயோஜனம் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. 1986-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் தொடங்கிய ஊப்ஸ்லாவும், மறு வருஷம் பாரிஸில் பிறந்த ஈகூப் என்னும் ஐரோப்பிய மகாநாடும், வித்வான்கள் தம் சித்தாந்தங்களை வாசித்துவிட்டுக் கலையும் சபைகளாக மட்டும் இராமல், தொழில்துறையில் நிரல் எழுதுவோரும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் கூடித் தர்க்கிக்கும் களங்களாக விளங்கியதே அவற்றின் விசேஷம். ஒரு வகையின் ஸ்தானத்தில் அதன் உட்பிரிவை வைத்தாலும் நிரலின் நடத்தை பிறழலாகாது என்று 1987-இல் கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் தம் ஊப்ஸ்லாப் பேருரையில் விளக்கிய கருத்து, இன்று அவர் பெயரால் விதியாகவே வழங்குகிறது. 1989-இல் அதே மகாநாட்டில் நிரலாளர்கள் கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் முன்வைத்த வடிவமைப்புச் சாதனமோ வெறும் காகித அட்டைதான்: மேலே நிரல் வகுப்பின் பெயர், இடப்புறம் அதன் பொறுப்புகள், வலப்புறம் அதற்குத் துணைநிற்கும் வகுப்புகள். அட்டையில் அடங்காத அளவு பொறுப்புகள் பெருகினால், அந்த வகுப்பைப் பிரிக்க வேண்டுமென்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

இத்தகைய கருத்துகளைக் கேட்டுத் தர்க்கிக்கச் சொந்தக் கட்டுரை தேவையில்லை; ஆகையால், புறப்படுமுன் நிகழ்ச்சி நிரலில் ஒரு கட்டுரையையேனும் முழுதும் ஊன்றிப் படித்து, அதில் உண்மையாகவே எழுந்த சந்தேகம் ஒன்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். பெரிய அரங்கைவிடச் சிறு பட்டறைகளில் அதிக நேரம் செலவிடுங்கள். கட்டணம் பாரமானால் மாணவத் தொண்டராகச் சேர விண்ணப்பியுங்கள். கூச்சத்தை விட்டுக் கேட்கும் ஒரு கேள்வியே உங்கள் அடுத்த ஆண்டின் ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமாகக் கூடும்.