பணக்கஷ்டமும் மனசின் சமாதானமும்



முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். கரும்பு போடும் நம்ம சகோதரர் ஒருவர், வெட்டுக்கு இரண்டு மாசம் இருக்கையில், பத்து வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டு ஜெபிக்கச் சொல்லி வந்தார். "புத்தியில்லாமல் இப்படிச் செய்யலாமா? விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். ஆறு வாரம் அவர் சபைப் பக்கமே வரவில்லை.

பிறகுதான் ஒரு காரியம் தெரிந்துகொண்டேன். நம் பக்கத்து விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆய்வாளர்கள் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன்னால் 100 பேரில் 78 பேர் அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 பேர்தான். இரண்டு சமயத்திலும் அவர்களுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். அதே மனுஷன் அறுவடைக்கு முன் தடுமாறினார், பணம் வந்தபின் நன்றாகச் செய்தார். அறிவு மாறவில்லை. "நாளைக்கு என்ன செய்வேன்" என்ற கவலை மனசில் இடத்தை அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

அப்படியானால் பணம் குவிந்தால் சந்தோஷம் பொங்குமா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் லாட்டரியில் பெருந்தொகை விழுந்த 22 பேரை விசாரித்த ஆய்வு 1978-ல் வந்தது. மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாகச் சந்தோஷமாயில்லை. அன்றாடச் சின்னச் சின்ன காரியங்களில் கிடைக்கும் இன்பமும் அவர்களுக்குக் குறைந்திருந்தது. மனசு எதற்கும் சீக்கிரம் பழகிவிடுகிறது. லாட்டரியை நம் மாநிலம் 2003-ல் தடை செய்தது. ஆனால் "ஒரே அடியில் விடிஞ்சிடும்" என்கிற நினைப்பு போய்விட்டதா?

இப்போது நீதிமொழிகள் 30:7-9 எடுத்து வாசியுங்கள். ஆகூர் வறுமையும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், அன்றன்றைய ஆகாரம் போதும் என்று கேட்கிறான். நிறைந்தால் கர்த்தரை மறப்பேன், குறைந்தால் திருடுவேன் என்று தன் மனசையே அவன் பயப்படுகிறான். எவ்வளவு உண்மை!

ஆகையால் தேவபிள்ளைகளே:

1. நெருக்கடியில் தனியாக முடிவெடுக்காதீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன், கடன் பாரம் இல்லாத ஒருவரிடம் கணக்கைக் காட்டுங்கள். ஒரு ராத்திரி பொறுங்கள்.

2. வெங்காயமோ பருத்தியோ மக்காச்சோளமோ விற்ற வாரத்திலேயே, அடுத்த பஞ்ச மாசத்துக்கு என்று ஒரு பங்கை எடுத்து வையுங்கள். மனசு தெளிவாக இருக்கும் நேரம் அதுதான்.

3. கொடுங்கள். காலையில் கையில் காசு கொடுத்துச் செலவழிக்கச் சொன்ன ஒரு சோதனையில் (2008), பிறருக்குச் செலவழித்தவர்களே சாயங்காலம் அதிகச் சந்தோஷமாயிருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது வித்தியாசம் உண்டாக்கவில்லை. கடன் வாங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு படி அரிசி போதும்.

4. கஷ்டத்தில் இருப்பவனுக்குப் பிரசங்கம் பண்ணாதீர்கள். பாரத்தை இறக்க ஒரு கை கொடுங்கள்.

அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதினோம். கடன் அன்றைக்குத் தீரவில்லை. ஆனால், "இன்னைக்குத்தான் தூக்கம் வரும்போல இருக்கு, பாஸ்டர்" என்றார்.

இந்த வாரம் ஜெபக்குழுவில் பேசுங்கள்: நம் தெருவில் தூக்கமில்லாமல் கணக்குப் போடுகிறவர் யார்?