மரப்பாச்சி பேசும் வகுப்பறை

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டுங்கெட்டான்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தரும் நுழை, நட, ஓடு, பற என்ற நிலைவாரிப் புத்தகங்களைச் சட்டென்று முடித்துவிட்டு, "வேற இருக்கா டீச்சர்?" என்பார்கள். நூறு பக்க நாவலை நீட்டினால் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி, நாவலைத் தினமும் கொஞ்சம் நாமே வாசித்துக் காட்டுவது. அதற்கு ஃபேன்டசிதான் தோது. பேசும் பொம்மையை இந்த வயசு நம்பவும் செய்யும், குறுக்குக் கேள்வியும் கேட்கும்.

முதலில் புத்தகம். ஹாரி பாட்டரில் தொடங்க வேண்டாம்; தடிமனும் அதிகம், பெயர்களிலேயே நாக்கு சிக்கும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இரண்டும் தமிழிலேயே எழுதப்பட்டவை. முறையே 2020, 2023 ஆண்டுகளில் பால சாகித்ய புரஸ்கார் பெற்றவை.

வாங்கியதும் தனியே உட்கார்ந்து முழுசாகப் படித்துவிடுங்கள். ஒருமுறை நான் இதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். மரப்பாச்சி பேசும் குஷியில் வாசித்துக்கொண்டே போனவள், சிறுமி மீதான பாலியல் சீண்டலைச் சொல்லும் இடத்தில் குரல் தடுமாறி நின்றேன். வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. அந்தப் பகுதியைத் தாண்டிப் போகச் சொல்லவில்லை. அது இல்லாமல் அந்த நாவலே இல்லை. தயாராகப் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள். அன்று மணி அடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். தனியாகப் பேச ஒரு பிள்ளை தயங்கி நிற்கலாம்.

அடுத்து, பென்சிலோடு இன்னொரு முறை. நாளுக்கு ஆறேழு பக்கம் என்றால் நூறு பக்கம் மூன்று வாரத்தில் முடியும். எங்கே நிறுத்துவது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். அத்தியாய முடிவில் நிறுத்தினால் பிள்ளைகள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். கதவு தட்டப்பட வேண்டும், திறக்கக் கூடாது. அங்கே புத்தகத்தை மூடுங்கள்.

மதியச் சாப்பாடு முடிந்த முதல் கால் மணி நேரம் நல்லது. மேடை நாடகம் போல நடிக்க வேண்டாம். பொம்மைக்கு மட்டும் ஒரு குரல், கடைசி நாள் வரை அதே குரல்.

மூன்றாம் நாள் சுவரில் ஒரு சார்ட் ஒட்டுங்கள்: பொம்மையால் முடிந்தவை ஒரு பக்கம், முடியாதவை மறுபக்கம். மாயம் என்றாலும் அதற்கொரு கணக்கு உண்டு என்பதைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். "மரப்பாச்சிக்குப் பசிக்காதா டீச்சர்?" என்றான் கடைசி வரிசைப் பையன் ஒருவன். நான் வாய் திறக்கும் முன்பே பக்கத்திலிருந்து பதில் வந்தது: "அதுக்கு வயிறே மரம்டா!" இதைவிட நல்ல கலந்துரையாடலை நான் நடத்தியதில்லை. "கதையின் நீதி என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்ட மறுநாளே நாவல் பாடப்புத்தகமாகிவிடும்.

'ஆதனின் பொம்மை'க்குப் பின்னணி கீழடி. முடித்த அன்று, அங்கே அகழாய்வில் கிடைத்த 'ஆதன்' என்று கீறப்பட்ட பானை ஓட்டின் படத்தைக் காட்டுங்கள். உடைந்த மண்சட்டித் துண்டும் ஆணியும் கொடுத்தால், கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரவர் பெயரைக் கீறவிடலாம்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தை அலமாரியில் பூட்டாதீர்கள். ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். முழுக் கதையும் தெரிந்த பிள்ளைகள்தான் முதலில் கேட்டு வருவார்கள். ஒரு பிரதி போதாது. இரண்டாவதுக்கும் சேர்த்தே பணம் எடுத்து வையுங்கள்.